துண்டுக்கடியில் மூன்று விரல்

நாற்பத்திரண்டு லட்சம் ரூபாய். கொசுறாக ஒரு தையல் மெஷின்.

ஐஸும் வேண்டாம், குளிர்பெட்டியும் வேண்டாம், தூத்துக்குடி வெயிலிலேயே துளித் தடையில்லாமல் மின்சாரத்தை ஓடவிடுகிற கரிக்கட்டி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மிளகு அளவு. இருந்தது என்பதுகூட அப்போது நிச்சயமில்லை, சந்தேகம்தான். அந்தச் சந்தேகத்துக்கு முத்தையாபுரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் படிந்த விலை இது. லட்சங்களைக் கம்பெனி மறுநாளே கொடுத்துவிட்டது. தையல் மெஷினுக்குத்தான் பதினெட்டு நாளும் மூன்று கையெழுத்தும் ஆயிற்று. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை.

பேரத்தை முடித்துக்கொடுத்தவர் கோயில்பிள்ளை. திருச்செந்தூர் சாலையில், உப்பளங்களைத் தாண்டி, கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒளிவளையம் என்கிற ஆராய்ச்சிக்கூடத்தில் மூன்றாம் எண் மேடையின் தொழில்நுட்ப அலுவலர். இருபத்தேழு வருஷ சர்வீஸ். ஓய்வுக்கு நாலு மாதம் பாக்கி. முழங்கால் இரண்டும் ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டன.

அவருடைய அப்பா எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் தரகர். மகன் விஞ்ஞானம் படித்து என்ன வேலை பார்க்கிறான் என்று அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். கோயில்பிள்ளை ஒரு தடவை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "வளையத்துல இருந்து ஒரு வெளிச்சம் வரும்ப்பா. அதக் கரிமேல அடிச்சா உள்ளே இருக்க எலெக்ட்ரான் தெறிச்சு வெளிய வரும். என்ன வேகத்துல வருதுன்னு பாத்தா உள்ள எந்தப் படியில உக்காந்திருந்ததுன்னு சொல்லிரலாம்." அப்பா யோசித்துவிட்டு, "பல்லப் பிடிச்சுப் பாத்து வயசு சொல்லுத வேல" என்றார். அதைவிடச் சரியாக எந்தப் பாடப்புத்தகமும் சொன்னதில்லை.

வளையத்தின் தலைமை விஞ்ஞானி மிருணாளினிதான் அவரைப் பேரத்துக்கு அனுப்பினாள். "நீங்க போனாத்தான் சார் அவங்க பேசுவாங்க" என்றாள். மேடையில் ஒளி நேரத்துக்காக நாலு ஊர்ப் பேராசிரியர்கள் சண்டை போடும்போது, ஒருவர் நேரத்தில் இரண்டு மணியைக் கிள்ளி இன்னொருவருக்கு வைத்து, இரண்டு பேருமே ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு போகும்படி செய்கிற ஆள் அவர். அதனால் இந்தச் சுமையும் அவர் தலையில் வந்தது.

சரக்கு இப்படிக் கிடைத்தது. தூத்துக்குடிக்கு வெளியே அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை ஒன்று. ஊர்க்காரர்கள் கரிவீடு என்பார்கள். அறுபது அறுபது கரி அணுக்கள் கால்பந்து மாதிரிக் கூடிக்கொண்ட பந்துக்கரியை அங்கே காய்ச்சி எடுக்கிறார்கள். காய்ச்சும் அறையின் சுவரில் படிகிற கரியைச் சுரண்டி எடுக்கிற வேலை பேச்சிமுத்துவுக்கு. பதினோரு வருஷம். முகமூடி கொடுத்திருந்தார்கள், வேக்காடு தாங்காமல் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார். பிறகு இருமல் வந்தது. ஆஸ்பத்திரியில் காந்த ஸ்கேன் எடுத்தபோது வலது நுரையீரலில் ஒரு இடத்தில் மட்டும் படம் விழவில்லை. காந்தத்தையே கிட்டே அண்டவிடாமல் தள்ளி நின்றது ஏதோ ஒன்று. படம் எடுத்த டாக்டர் அதைத் தன் சிநேகிதருக்கு அனுப்ப, அவர் இன்னொருவருக்கு அனுப்ப, பேச்சிமுத்துவின் இருமலுக்கு மருந்து கிடைப்பதற்குள் அந்தப் படத்துக்கு விலை கிடைத்துவிட்டது. அவர் இறந்த பிறகு கட்டியை எடுத்து ஒரு குப்பியில் போட்டு, மனைவி கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள்.

மனைவி சண்முகக்கனி. அதே கரிவீட்டில் சல்லடைப் பிரிவு. இரண்டு பெண் குழந்தைகள், பெரியவள் பத்தாவது.

கோயில்பிள்ளையோடு கம்பெனி சார்பில் வந்தவன் அபினவ். முப்பது வயதிருக்கும். சென்னைச் சட்டை, சென்னைச் செருப்பு. உள்ளே வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை நீட்டினான். "மேடம், இதுல ஒரு ஃபிகர் போட்டிருக்கோம். ஃபைனல்."

சண்முகக்கனி காகிதத்தைப் பார்க்கவில்லை. கோயில்பிள்ளையின் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள்.

"அண்ணாச்சிக்கு எந்தூரு?"

"எட்டயபுரம். எங்கப்பா சந்தைத் தரகு பாத்தாரு."

"எங்கப்பா விளாத்திகுளம் பக்கம். ஆடு ஓட்டிட்டு அங்கதான் வருவாவ." முகத்தில் முதல்முறையாகச் சின்ன வெளிச்சம். "ஒரு பஞ்சத்துல, கேட்டியளா, கேரளத்து யாவாரி யாரும் இந்த வாரம் வரலன்னு பாதையெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாவ. கேட்டவன்லாம் ஆட்டத் திருப்பி ஓட்டிட்டுப் போயிட்டான். சந்தைக்குப் போயிப் பாத்தா இவிய ஆடு மட்டும் நிக்கி, யாவாரி எட்டுப் பேரு நிக்கான். சொன்ன வெலைக்கு வித்துட்டு வந்தாவ."

"கெட்டிக்காரர்தான்."

"துண்டப் போடுங்க அண்ணாச்சி. வாய்ப்பேச்சு நமக்கெதுக்கு?"

கோயில்பிள்ளை துண்டை எடுத்து விரித்தார். அதன் அடியில் இரண்டு கைகளும் போயின. விரலைப் பிடித்தால் எண்ணிக்கை, பிடித்துத் திருகினால் பத்து, அழுத்தினால் சம்மதமில்லை. வாய் இரண்டும் மழையைப் பற்றியும் மின்சாரக் கட்டணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, விலை துண்டுக்கடியில் ஏறி இறங்கியது. அபினவ் இதை ஏதோ கைரேகை சமாச்சாரம் என்று நினைத்திருக்க வேண்டும். மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டான். கால் மணி நேரம் கழித்து அவள் அவருடைய உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். தட்டிவிட்டால் முடிந்தது, அதற்குப் பிறகு பேரம் இல்லை. கையை எடுத்த பிறகுதான், "ஒரு தையல் மெஷினும் சேத்துக்கிடுங்க" என்றாள். அது கொசுறு, கொசுறு கேட்காத பேரம் பேரமே இல்லை.

அந்தத் துண்டுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. வாய் என்ன புளுகு வேண்டுமானாலும் புளுகலாம், அது வியாபாரம். விரல் பொய் சொல்லக்கூடாது. பொய் விரல் காட்டியவனுக்கு அடுத்த சந்தையில் கை கொடுக்க ஆளிருக்காது. அப்பா அவருக்குக் கற்றுத்தந்த வேதம் மொத்தமும் அவ்வளவுதான்.

காபி வந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"முழுப்பணமும் முதல்லயே. அத எழுதிக்கிடுங்க" என்றார் கோயில்பிள்ளை அபினவைப் பார்த்து. "சோதனையில என்ன வந்தாலும் திருப்பிக் கேக்கப்படாது. கயிறு கைமாறின பொறவு ஆடு செத்தா வாங்கினவன் பாடு."

"ஓகே சார், ஓகே."

"அண்ணாச்சி" என்றாள் சண்முகக்கனி. "வித்தாச்சு. இப்பம் சொல்லுங்க, அதுல என்னதான் இருக்கு?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "ஆறு சீட்டு வேன் நிறைய வரிசையா நிக்குதுன்னு வச்சுக்க தாயி. அந்தக் கரிப்பந்து ஒவ்வொண்ணும் ஒரு வேன். எலெக்ட்ரான்தான் ஆளு. ஒரு வேன்லயும் ஆளே இல்லேன்னா, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவ யாரிருக்கா?"

"யாருமில்ல."

"ஆறு சீட்டும் ரொம்பிட்டா?"

"தாவினா உக்கார எடமில்ல."

"அதான். ரெண்டும் சும்மா கரி. ஒவ்வொரு வேன்லயும் சரியா மூணு பேரு இருந்தா மட்டும் ஆளும் இருக்கு, எடமும் இருக்கு. ஒருத்தன் கைய ஒருத்தன் பிடிச்சிட்டு இடிக்காம ஓடுவான். மின்சாரம் ஒரு பைசாகூடச் சிந்தாது. ஆனா எல்லா வேன்லயும் மூணு இருக்கணும். அதுதான் கஷ்டம். நாங்க ஆள ஏத்தினா ஒண்ணுல ஆறு பேரு அடச்சிக்கிடுவான், பக்கத்து வேன் காலியா கெடக்கும். ஐஸுல போட்டா கொஞ்ச நேரம் அடங்கி இருக்கும். வெயிலுக்குக் கொண்டுவந்தா கலைஞ்சு போவும். நாப்பது வருசமா உலகம் பூரா பாக்கான், முடியல."

"அவிய நெஞ்சுக்குள்ள மட்டும் எப்டி முடிஞ்சிச்சு?"

"ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு உப்பு ஓடுது. அதுதான் ஆள ஏத்துத டிரைவர். நாங்க அவசரத்துல ஒரு நாள்ல ஏத்துததை உடம்பு நாளுக்கு ஒண்ணு ரெண்டா, சூடு மாறாம, பதினோரு வருசமா ஏத்தியிருக்கு. அப்டித்தான் நெனைக்கோம்."

வெளியே ஒரு உப்பு லாரி போயிற்று.

"பதினோரு வருசம்" என்றாள். "நான் சல்லடையில எட்டு வருசம். ஆனா மாஸ்க்கு போட்டுருவேன்."

கோயில்பிள்ளைக்குக் காபி கசந்தது. "நல்ல பழக்கம். விட்டுராத" என்றார்.

"நான் கொறச்சு வித்துட்டேனோ அண்ணாச்சி?"

துண்டு அப்போது தோளில் இருந்தது. அதனால் அவர், "இல்ல தாயி" என்று சொல்ல முடிந்தது.

திரும்பும்போது காரில் அபினவ் உற்சாகமாக இருந்தான். கண்ணாடிப் பக்கம் கடல் பளபளத்தது.

"ரிசல்ட் மட்டும் பாசிட்டிவா வரட்டும் சார். அடுத்த கட்டம் ரெடியா இருக்கு. மிருணாளினி மேடமே எழுதிட்டாங்க. மெஷின்ல வளர்க்கணும்னா இன்னும் நாப்பது வருஷம், இல்லைன்னா உடம்பு. நாங்க யாரையும் கட்டாயப்படுத்தப் போறதில்ல. தன்னார்வப் பங்களிப்பாளர் திட்டம். இன்ஷூரன்ஸ், பிள்ளைங்க படிப்பு எல்லாம் உண்டு. மாஸ்க் கட்டாயமில்லன்னு ஒரு சுற்றறிக்கை, அவ்வளவுதான்."

"கட்டி வளந்த பொறவு எப்டி எடுப்பீங்க தம்பி?"

"அதுக்கு ஒரு மெடிக்கல் கமிட்டி இருக்கு சார்."

"ஆட்ட உசுரோட உரிக்க முடியாதேன்னு கேட்டேன்."

அபினவ் சிரித்தான். கெட்ட பையன் இல்லை. அவனுக்கு நுரையீரல் என்பது ஒரு கட்டத்தில் நிரப்ப வேண்டிய எண். அந்தக் கட்டத்தை அவனுக்கு மேலே இருப்பவர்கள் வரைந்திருந்தார்கள்.

வழியில் கரிவீட்டு வாசலில் பகல் ஷிப்ட் விட்டிருந்தது. கோயில்பிள்ளை காரை நிறுத்தச் சொல்லி டீ குடித்தார். ஒரு ஆள் நுழையும் அளவு இரும்பு வாசல். அதன் வழியே ஒவ்வொருவராக வந்தார்கள். அப்பாவோடு பட்டி வாசலில் நின்று தலை எண்ணிய பழக்கம் விடவில்லை. நாற்பது பேர். முகத்தில் முகமூடியோடு வந்தவர்கள் ஒன்பது. மற்றவர்களுடையது கழுத்திலும் பையிலும் கிடந்தது.

"போன மாசம் எல்லாரும் போட்டுத்தான் வந்தாங்க அண்ணாச்சி" என்றான் டீக்கடைக்காரன். "பேச்சிமுத்து சமாச்சாரம் கேட்டதுல இருந்து இப்டி. உள்ள போயி நல்லா இழுத்து மூச்சு விடுதானாம் ஒருத்தன். லாட்டரிச் சீட்டு மாரி ஆயிப்போச்சு."

சோதனை வெள்ளிக்கிழமை. சென்னையிலிருந்தும் வேறு எங்கிருந்தோவும் கம்பெனிப் பெரியவர்கள் வந்திருந்தார்கள். முதல் அளவையிலிருந்தே பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மிருணாளினி துடித்தாள். அவர்களோ மதியச் சாப்பாட்டுக்கு அவள் இல்லாமல் உட்கார மாட்டோம் என்றார்கள்.

"நீங்க சீரமைச்சு வைங்க சார். ரெண்டு மணி நேரத்துல வந்துடறேன்."

"மெதுவா சாப்பிட்டுட்டு வாங்கம்மா. எறால் நல்லாருக்கும்."

மிளகு அளவுக் கட்டியை வெற்றிடப் பெட்டிக்குள் ஏற்றி, ஒரு பக்கம் லேசாகச் சீவி, ஒளியைத் திறந்தார். முதல் பார்வை ஒப்புக்கு. ஒளி சரியாக விழுகிறதா என்று பார்க்க மட்டும். அதை யாரும் சேமிப்பதில்லை. திரையில் புள்ளிகள் மெல்லக் கூடின. கீழே பெரிய மலை, அது எந்தக் கரிக்கும் உண்டு. அதற்கு மேலே வெறும் வெளி. அதற்கும் மேலே, எலெக்ட்ரான் எண்ணிக்கை முடிகிற கோட்டுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன மேடு எழும்பத் தொடங்கியது. எழும்பி, கோடு வரை வந்து, கத்தியால் அறுத்த மாதிரி அங்கே நின்றது. வேனுக்கு மூன்று பேர் என்றால்தான் அப்படி அறுபடும்.

பெட்டியின் வெப்பமானி முப்பத்தொரு டிகிரி காட்டியது.

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். அந்த அறுப்பை ஐஸுக்குக் கீழே இருநூறு டிகிரி குளிரில் பார்த்திருக்கிறார். கலங்கலாக, பாதி வேன் காலியாக. இப்படி, மொத்த மந்தையும் ஒரே பல் வரிசையோடு நிற்பதை யாரும் பார்த்ததில்லை. ஒளியை நகர்த்தி இன்னொரு இடத்தில் அடித்தார். மூன்று. இன்னும் கொஞ்சம் தள்ளி. மூன்று. பேச்சிமுத்துவின் மார்பு ஒரு வேனைக்கூட ஏமாற்றவில்லை.

நாற்பது நிமிடம் பார்த்தார். இருபத்தேழு வருஷமாக அடுத்தவர் சரக்குக்குப் பல் பிடித்துப் பார்த்துச் சொன்ன கை. கட்டுரைகளின் கடைசி வரியில் நன்றி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் வந்த பெயர். இது வெளியானால் அந்தப் பெயர் மேலே ஏறும். மிருணாளினி நேர்மையானவள், ஏற்றுவாள். அவர் அதை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே நினைத்தார். எவ்வளவு பெறும் என்று மனசுக்குள் தூக்கியும் பார்த்தார்.

அப்புறம் டீக்கடையிலிருந்து பார்த்த வாசல் நினைவுக்கு வந்தது. நாற்பதில் ஒன்பது.

அலுப்பாக இருந்தது. கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். எழுந்துபோய், பெட்டியின் பக்கவாட்டில் பொட்டாசியம் ஊதுகிற கம்பியின் குமிழைத் திருகினார். மிளகை இருநூறு டிகிரிக்குச் சூடேற்றினார். அது நுண்துளையுள்ள கட்டி. ஆவி உள்வரைக்கும் போகும். எல்லா மேடையிலும் தினமும் செய்கிற வேலைதான். விரலுக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

திரையில் மேடு பருத்தது. நாலு. ஐந்து. பருக்கப் பருக்கக் கோட்டை விட்டுக் கீழே இறங்கியது, வயிறு நிறைந்த ஆடு காலை மடக்கிப் படுக்கிற மாதிரி. ஆறாவது ஆள் ஏறி உட்கார்ந்தபோது கோட்டுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பாலில் போட்ட சீனியைத் திரும்பப் பொறுக்க முடியாது. ஒரு மணி நேரமும் ஐந்து நிமிடமும் பிடித்தது. குமிழை அணைத்து, சூட்டை ஆற்றி, அளவைத் தொடங்கி, இந்தத் தடவை சேமித்தார்.

மிருணாளினி வந்தபோது இறால் வாசனையும் வந்தது. பின்னால் அபினவ், அவனுக்குப் பின்னால் கோட்டுப் போட்ட பெரியவர்கள் நாலு பேர்.

"என்ன சார்?"

"ஆறும்மா."

அவள் திரையைப் பார்த்தாள். நின்றுகொண்டே பார்த்தாள், பிறகு உட்கார்ந்து பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த வெற்றிட அளவியைப் பார்த்தாள். பொட்டாசியம் ஊதினால் அதில் முள் கொஞ்சம் துள்ளும்; இறங்க அரை நாளாகும். அது இன்னும் இறங்கியிருக்கவில்லை.

"முதல் பார்வையிலயும் ஆறா சார்?"

"முதல் பார்வைய யாரும்மா சேமிக்கா?"

அவளுடைய கண்கள் கலங்கின. துக்கமா, கோபமா, இரண்டும் சேர்ந்ததா, அவருக்குத் தெரியவில்லை. அவள் பெயரும் அந்தக் குமிழில்தான் போயிருந்தது, அவளைக் கேட்காமல்.

"அப்ப ஸ்கேன்?" என்றான் அபினவ்.

மிருணாளினி திரும்பவில்லை. "இரும்புத் தூசு இருந்தாலும் படம் விழாது" என்றாள் தட்டையான குரலில். "இது நிரம்பின கரி. ஒண்ணுமில்ல."

கோட்டுக்காரர்கள் நாலரை மணி விமானத்துக்குக் கிளம்பினார்கள். அபினவ் கைகுலுக்கும்போது, "தையல் மெஷினை கேன்சல் பண்ணிடலாமா சார்?" என்று கேட்டான்.

"படிஞ்ச பேரம் தம்பி. அனுப்பிருங்க."

சனிக்கிழமை ஷிப்ட் விடும் நேரத்துக்குக் கோயில்பிள்ளை கரிவீட்டு வாசலுக்குப் போனார். ஆசை ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அது பொய்த்த செய்தியும் பரவ வேண்டும். காகிதத்தில் போட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

சண்முகக்கனி வெளியே வந்தாள். அவளுடைய முகமூடியைக் காணோம். மூக்குக்குக் கீழே மீசை மாதிரிக் கரி.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?" அவள் கேட்டதும் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"சோதிச்சாச்சு. வெறும் கரி" என்றார் உரக்க. "ஒரு விசேஷமும் இல்ல."

"யோவ், நல்லாப் பாத்தீரா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"நாலு எடத்துல பாத்தாச்சு. மூஞ்சிய மூடிட்டு வேலையப் பாருங்க. இதுல ஒரு மயிரும் கெடைக்காது, சளிதான் கெடைக்கும்."

யாரோ சிரித்தார்கள். சண்முகக்கனி சிரிக்கவில்லை.

"வெறும் கரியா? அப்பம் அவிய செத்தது?"

நேற்று குமிழைத் திருகும்போது இந்தக் கேள்வியை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

"மூச்சு முட்டி முட்டிச் செத்தாவ. கெடந்த ரெண்டு மாசமும், 'ஏட்டி, எனக்குள்ள ஏதோ இருக்காம்ட்டி, உலகத்துலயே இல்லாததாம்'னு சொல்லிச் சிரிச்சிட்டே கெடந்தாவ." குரல் உடையவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "துண்டப் போடுங்க."

"எதுக்கு தாயி? பேரந்தான் முடிஞ்சு போச்சே."

"போடுங்க அண்ணாச்சி."

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் துண்டை விரித்தார். அவள் கை அடியில் வந்து காத்திருந்தது. கரி படிந்த, சொரசொரப்பான கை. ஐந்து விரலையும் கொடுத்துவிட்டுப் பிறகு ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஆறு. ரொம்பச் சின்ன பொய். அவர் வாயால் அதைவிடப் பெரிய பொய்களை அரசாங்க முத்திரையோடு சொல்லியிருக்கிறார். நேற்று ஒரு மிளகைக் கொன்றிருக்கிறார். அவருடைய கை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.

பிறகு மூன்று விரலைக் கொடுத்தது.

அவள் அந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்தாள். வெகுநேரம் பிடித்திருந்தாள். மூன்றையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது துண்டுக்கு மேலே தெரியவில்லை. பிறகு உள்ளங்கையில் ஒரு தட்டு.

பேசமாட்டேன் என்று தட்டுகிறாள். அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது.

சண்முகக்கனி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டாச்சுல்லா? ஒண்ணுமில்லியாம்! ஏலே சொடலமணி, மூக்க விடைச்சிட்டு மூச்சு இழுத்தியே, எங்க, வீட்டுல மச்சு கட்டிட்டியா? ஏ செல்லக்கனி மைனி, ஒங்களத்தான். என் புருசனப் பாத்துமா புத்தி வரல? நாளைப் பின்ன எவ மாஸ்க்கு இல்லாம வாராளோ அவள நானே செருப்பால அடிப்பேன். எடுத்து மாட்டுங்க!"

திட்டத் திட்ட ஒவ்வொருவராக மாட்டினார்கள். சுடலைமணி என்கிற நெட்டை ஆள் கடைசியாக, வெட்கப்பட்டுக்கொண்டு மாட்டினான். கோயில்பிள்ளைக்குக் கண் நனைந்தது. தன் பணி ஓய்வு விழாவில் கிடைக்கப்போகிற சால்வையைவிட இது பெரிது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அன்று ராத்திரி முழங்கால்கூட வலிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை டீக்கடைக்குப் போனார். போக வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. எண்ணிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. சங்கு ஊதியது. இரும்பு வாசல் வழியாக ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். செல்லக்கனி, மூடிய முகம். சுடலைமணி, மூடிய முகம். முதல் இருபது பேருக்குக் குறையில்லை. முப்பது. முப்பத்தைந்து. டீ தித்திப்பாக இருந்தது.

சண்முகக்கனி கடைசியில் வந்தாள். வரிசை முழுவதும் உள்ளே போகட்டும் என்று நின்று, யாரும் பின்னால் இல்லை என்று பார்த்துக்கொண்டு வந்தாள். முகமூடி நாலாக மடித்து இடுப்பில் செருகியிருந்தது. சாலைக்கு இந்தப் பக்கம் அவரைப் பார்த்ததும் சிரித்தாள். நல்ல விலைக்குச் சரக்கு வைத்திருக்கிறவளின் சிரிப்பு, அவசரமில்லாதது.

"சாப்டியளா அண்ணாச்சி?"

அவள் அப்பா பஞ்சத்தில் பாதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்த சேதி அவர் காதில் விழுந்தது. யாவாரி யாரும் வரவில்லை, ஆட்டைத் திருப்பி ஓட்டுங்கள்.

"இன்னும் ஒரு பத்து வருசம் இருப்பியள்லா?" என்றாள். "இருங்க. தரகுக்கு ஒரு ஆளு வேணும்." குரலில் கேலி இருந்தது. கேலி மட்டும் இல்லை. "சின்னவளுக்கு அப்பம் இருவது ஆயிரும்."

"தாயி" என்றார். "தாயி, நில்லு."

அவள் வாசலுக்குள் போய்விட்டாள். உள்ளே போகும்போது, கடல் காற்றுக்கு ஏங்கியவள் மாதிரி, மார்பு விரிய ஒரு மூச்சு இழுத்தது முதுகில் தெரிந்தது. இரும்பு வாசலைச் சாத்தினார்கள்.

கோயில்பிள்ளை மறுபடி எண்ணினார். எண்ணத் தெரிந்த ஆள்தான், தப்பவில்லை.

தலை நாற்பத்தொன்று. முகமூடி நாற்பது. பாக்கி ஒன்று.